காலியாக விட்ட கட்டம்

நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை, காலை 10.40. தூறல். அவிநாசி சாலையில் உள்ள எங்கள் பனியன் கம்பெனியின் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, எஸ்தர் எழுதிய வலைப்பக்கத்தை அழிக்கச் சொன்னவன் நான். பழி அவள்மேல் விழுந்தபோது வாய் திறக்காதவனும் நானே!

இதை என் மகனிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரிடம் போய்ச் சொல்வீர்களோ என்ற சந்தேகம் இப்போதும் இருக்கிறது... இருக்கட்டும்.

எனக்கு வயது எழுபத்துமூன்று. கணிதப் பட்டதாரி. மாடிப்படி இருபத்தொன்று, தையல் மெஷின் அறுபத்துநான்கு. எண்ணாமல் எதையும் கடந்து போகமாட்டேன். கம்பெனி, மகன் செந்திலுடையது. சந்தேகப்படுவது மட்டும் என்னுடையது.

எங்கள் அயர்ன் மேஜையில் பதினான்கு வருடம் நின்ற சாத்தான்குளத்து மரியத்தின் மகள் எஸ்தர். கம்ப்யூட்டர் படித்தவள். எந்த அளவில் எத்தனை பனியன் வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் நிரப்பும் பக்கத்தை எழுத, செந்தில் அவளை அமர்த்தினான். எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது என்பதையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்றான். ஊரெல்லாம் ஜாவாஸ்கிரிப்டில் எழுத, அவள் எல்ம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாமே சார்புதான் ஐயா, நீங்க கணக்குல படிச்சதுதான். அதே நூலைப் போட்டா அதே துணிதான் வரும். நடுவுல எதுவும் தெரியாம மாறிடாது.”

இத்தனை நல்ல மொழியென்றால் மற்றவர்கள் ஏன் தொடவில்லை? இவளுக்கு இதில் என்ன லாபம்?

விசாரித்தேன். பதினோரு பேர். ஒருவருக்கும் அந்த மொழி தெரியவில்லை. பதினோராவது ஆள், வெள்ளகோவிலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தூரத்து உறவுக்காரன் பிரபு.

“நாளைக்கு அந்தப் புள்ள கோவிச்சுட்டுப் போயிருச்சுன்னா, இதத் தொடறதுக்கு ஆளில்லீங்க மாமா. அப்பறம் அது கேக்கற சம்பளந்தானுங்க!”

எனக்குத் தூக்கம் போயிற்று. போதாததற்கு அவள் என்னிடம் கேள்விமேல் கேள்வி கேட்டாள். குறித்து வைத்தேன்: நாற்பத்துமூன்று கேள்விகள். தொழிலை விழுங்க வந்தவள்தானே இத்தனை கேட்பாள்?

நாற்பத்துமூன்றாவது கேள்வி இது.

“எக்ஸ்எல் அளவுக்கான கட்டத்த அவங்க காலியா விட்டா என்ன செய்யணும் ஐயா?”

“காலின்னா சுழிதான், அம்மிணி. இதுக்கு ஒரு கேள்வியா?”

“இல்ல ஐயா. சுழின்னா வேண்டாம்னு சொல்லிட்டாங்க. காலின்னா இன்னும் ஒண்ணும் சொல்லலன்னுல்லா அர்த்தம். ரெண்டுக்கும் தனித்தனியாப் பதில் எழுதாம இந்த மொழி என்னய மேல போக விடாது.”

“அதுக்கு இருக்கற பொறுமை எனக்கு இல்ல, போ!” என்று சிரித்தேன்.

கல்லூரித் தேர்வில் அப்படி எழுதியிருந்தால் எனக்கே மதிப்பெண் போயிருக்கும். சார்பு வரையறுக்கப்படாத இடத்தில் மதிப்பு சுழி ஆகுமா? தெரியும்... தெரிந்தேதான் சிரித்தேன்.

பக்கத்தின் கடவுச்சொல் அவள், செந்தில், நான் என மூவருக்கும் ஒன்றே. நான் அதை வற்புறுத்தி வாங்கியிருந்தேன். அவள் ஊர்த் திருமணத்துக்குப் போன மூன்று நாட்களில் பிரபுவிடம் கொடுத்தேன். அவள் எழுதியதை அழித்துவிட்டு, வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாதபடி ஜாவாஸ்கிரிப்டில் மாற்றி எழுதிவிட்டான். அவன் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதை நான் திறமை என்று நினைத்தேன்!

அடுத்த வாரம் ஓர் ஆர்டர். எக்ஸ்எல் எண்ணிக்கையை இரண்டு நாளில் சொல்லலாம் என்று அந்தக் கட்டத்தை வெள்ளைக்காரர் காலியாக விட்டிருந்தார். எஸ்தரின் பக்கம் அவரைத் திருப்பிக் கேட்டிருக்கும். பிரபுவின் பக்கம் சுழி என்று எடுத்துக்கொண்டு கட்டிங்குக்கு அனுப்பிவிட்டது. அவர் எண்ணிக்கை அனுப்புவதற்குள் சாயம் போட்ட துணி முழுதும் மற்ற அளவுகளில் வெட்டித் தைத்தாகிவிட்டது. எக்ஸ்எல்லுக்கு மறுபடி சாயம் போட்டதில் அதே நிறம் வரவில்லை. மொத்தச் சரக்கையும் வேண்டாம் என்றார்.

செந்தில் எஸ்தரை மாடிக்குக் கூப்பிட்டான். அவள் பக்கத்தைத் திறந்து பார்த்துத் திகைத்தாள்.

“சார், இது நான் எழுதுனது இல்ல. நான் எழுதுனது இந்தா, எங்கிட்ட இருக்கு, பாருங்க.”

“எனக்கு இதுல ஒரு எழுத்தும் புரியலீங்க. இதுதான் நீங்க மொதல்ல எழுதுனதுன்னு சொல்றதுக்கு இந்த ஊர்ல யாரக் கூப்பிடறது?”

பதினோரு பேரிடம் விசாரித்தவனுக்கு விடை தெரியும். ஒருவருமில்லை.

செந்தில் என் பக்கம் திரும்பினான். “ஏனுங்கப்பா, கடவுச்சொல்ல யாருக்காச்சும் குடுத்தீங்களா?”

மேஜைமேல் சாம்பிள் பொத்தான்கள் கிடந்தன. எண்ணத் தொடங்கினேன். ஒன்று... இரண்டு... மூன்று...

“அப்பா குடுக்கலீங்க” என்றான் செந்தில் அவளிடம்.

எஸ்தர் என்னையே பார்த்தாள். “அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே சார்.”

பொத்தான்கள் முப்பத்தாறு. மறுபடி எண்ணினேன்.

அன்றே அவளை நிறுத்திவிட்டான். மறுநாள் மரியமும் வரவில்லை. அந்த அயர்ன் மேஜையில் இப்போது வேறொருவர். செந்தில் அந்த நஷ்டத்தை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான். எஸ்தருக்குத் தெரிந்திருக்குமோ என்று தினமும் சந்தேகப்படுகிறேன். தெரிந்தும் ஏன் பேரைச் சொல்லவில்லை என்று அதற்குமேல் சந்தேகப்படுகிறேன்...

எனக்கு ஆன செலவையும் கேட்பீர்கள். பிரபுவுக்குக் கொடுத்தது, ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.