குழிக்குள் ஒன்பது மூட்டை

ஆற்றங்கரையைக் காப்பாற்ற எங்கள் சங்கம் ஊருக்குள் காசு சேர்க்கப் போனது. ஊர் பனங்கொட்டை கொடுத்தது.

பிழை எங்கள் பக்கமும் இருந்தது. லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஸ்பீக்கரைக் கட்டி, "பணமாகவோ பொருளாகவோ தாருங்கள்" என்று மூன்று நாள் கத்திக்கொண்டு போனது நான்தான். பொருள் என்றால் சீமெந்து, கம்பி, டீசல் என்று தலைவர் நினைத்திருந்தார். ஆனால் அது ஆவணி மாதம். வளவெல்லாம் பனம்பழம் விழுந்து, மாடு சூப்பிப் போட்ட கொட்டைகள் காலில் இடறும் காலம். எந்தப் படலையில் நின்றாலும், "பொறுங்க தம்பி, இந்தா இரிக்கி" என்று உரப்பையோடு வந்தார்கள். வளவும் சுத்தமாயிற்று, தருமமும் செய்தாயிற்று. சேர்ந்த காசு ஸ்பீக்கர் வாடகைக்கே காணவில்லை. கொட்டை மட்டும் பன்னிரண்டு மூட்டை. அத்தனை பையிலும் கறுப்பு மையால் 'சங்கம்' என்று எழுதி அடுக்கி வைத்தேன்.

தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சர். மூட்டைகளை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தார்.

"சரி, அப்ப பனை நடுவம்," என்றார்.

அப்படித்தான் எங்கள் திட்டம் தீட்டப்பட்டது.

கரைக்குப் பனை தேவைதான். பதாகையில் வாவி என்று எழுதுவோம், வாயில் அது ஆறுதான். மாரியில் ஆறு பெருகினால், முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்குத் தண்ணீரை விடும்வரை அது கரையைக் கடித்துக்கொண்டே நிற்கும். சவக்காலைக்குப் போகும் பாதை அந்தக் கரையில்தான் கிடக்கிறது. முந்தின மாரியில் பாதையில் பாதி ஆற்றுக்குள் போய்விட்டதால் ஒருவரைத் தோணியில் ஏற்றித்தான் அடக்கம் செய்யக் கொண்டுபோனோம். உயிரோடு இருந்த காலத்தில் அவர் தோணிக்குப் பயந்து நாலு மைல் சுற்றிப் போகிறவர். அன்று அவரை யாரும் கேட்கவில்லை. பனை வேர் மண்ணைப் பிடித்தால் அடுத்தவராவது தரைவழியே போகலாம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பள்ளிக்கும் அதில் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கரடியனாற்றில் மாடு பார்த்தேன். கிரானில் அறுவடை மெஷினுக்குப் பின்னால் சாக்குப் பிடித்தேன். ஓட்டமாவடியில் ஓர் அரிசி ஆலையில் இரண்டு கால்விரலை பெல்ட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இடையில் படுத்ததெல்லாம் பஸ் நிலையமும் கடை விறாந்தையும். ஒரு மழைக்குச் சங்கக் கட்டடத்தில் ஒதுங்கியபோது ரீச்சர் என்னைத் துரத்தவில்லை, கூட்டச் சொல்லித் தும்புத்தடியைக் கையில் தந்தார். பின்னறையில் படுக்கவும் விட்டார்.

அந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி இருந்தது. பத்து வருடமாக நான் படுத்த எந்த இடத்திலும் உள்ளிருந்து பூட்ட முடியாது. செருப்பைத் தலைக்குக் கீழே வைக்காமல் நித்திரை கொள்ள அங்கேதான் மறுபடி பழகினேன். அந்தக் கொண்டிக்காக நான் எதையும் நடத் தயாராக இருந்தேன்.

"பனை முளைச்சா நீதான் காவல்காரன்," என்றார் ரீச்சர். "அறையும் உனக்கு. சுவிஸில இரிக்கிற நம்மட பொடியன் மாசியில வாறான். கரையைக் காட்டினா உனக்குச் சம்பளமும் கேட்டு எடுப்பன்."

அந்தப் பொடியனுக்கு வயது ஐம்பதுக்கு மேல். ரீச்சரிடம் படித்தவர்.

"முளைக்காட்டி, ரீச்சர்?"

"முளைக்காட்டி என்னத்துக்கு மனே காவல்?"

நடுகை நாளுக்கு வந்த தொண்டர்கள் எல்லோரும் ஒரே நிற ரீசேட். ஆளுக்கு நாலைந்து கொட்டை நட்டார்கள். சிலர் போட்டோ சரிவரவில்லை என்று அதே கொட்டையைக் கிளப்பி மூன்று தரம் நட்டார்கள். ஒருவர் கொட்டையைத் தலைகீழாகப் பிடித்தபடி இயற்கையைப் பற்றி நீளமாகப் பேசினார். சோற்றுப் பார்சல் வந்ததும் இயற்கை அப்படியே கைவிடப்பட்டது. பன்னிரண்டு மூட்டையில் ஒன்று முடிந்திருந்தது.

"மிச்சத்தை நீ நட்டுடு மனே," என்று ரீச்சரும் போய்விட்டார்.

நட்டேன். அலவாங்குக் கம்பியால் ஒரு குத்து, ஒரு கொட்டை, காலால் மண், எட்டு அடி நடை. நாலு நாளில் இரண்டு மூட்டை முடிந்தது. உள்ளங்கை கிழிந்தது. விரல் இல்லாத கால் வீங்கியது. ஐந்தாம் நாள் மழை பிடித்தது, எனக்குக் காய்ச்சலும் பிடித்தது. கரை வளையும் இடத்தில் மணல் மெத்தென்று இருந்தது. நீளமாக ஒரு குழி வெட்டி, ஒன்பது மூட்டையையும் அதற்குள் கொட்டிப் பரப்பி மூடினேன். மழை விட்டதும் முளைத்ததைக் கிளப்பி வரிசையாக நட்டுவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனை இடம் மாற்றினால் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். இடம் மாறியே பிழைத்தவனுக்கு அது அன்று ஞாபகம் வரவில்லை.

"நட்டாச்சு ரீச்சர்," என்றேன். மண்ணுக்குள்தானே போட்டிருந்தேன்.

மாரி முழுதும் அந்தப் பக்கம் போகவில்லை. அறைக்குள் கொண்டியைப் போட்டுக்கொண்டு கூரையில் விழும் மழையைக் கேட்டேன். அதுவும் காவல்தான் என்று வைத்துக்கொண்டேன்.

மாசியில் சுவிஸ்காரர் வந்தார். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அவரைப் பிரதம விருந்தினராக அழைத்தார்கள். போட்டி முடிந்ததும் கரையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று காலையில்தான் நான் கரைக்கு ஓடினேன். தொண்டர்கள் நட்டதில் ஒன்றையும் காணவில்லை. என் இரண்டு மூட்டை வரிசையில் அங்கங்கே பச்சையாக ஒற்றை இலை நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கே ஆச்சரியம். வளைவுக்குப் போனேன். குழி வெறுமையாகக் கிடந்தது. சுற்றிவரப் பிளந்த கொட்டைகள்.

வளைவுக்கு அப்பால் ஒரே ஒரு வீடு. பஸ் நிறுத்தத்தில் கச்சான் கடலையும் அவித்த பனங்கிழங்கும் விற்கும் அக்காவின் வீடு. முற்றத்தில் கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. என்ன கொதிக்கிறது என்று படலையிலேயே மணத்தது.

"இது எங்க கிண்டின அக்கா?"

"ஆத்தங்கரை வளைவில."

"அது சங்கத்துப் பனை."

அவள் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். "பனையா? குழிக்குள்ள கொட்டி மூடினா அது கிழங்குப் பாத்தி. ஆர்ரா அது, ஒரு குழிக்குள்ள ஒம்பது மூட்டைப் பனை நடுறவன்?"

"ஒம்பதெண்டு எப்பிடித் தெரியும்?"

"வெறும் பையை அதிலயே போட்டுட்டுப் போயிட்டாய். எடுத்து என்ர கூரை ஒழுக்குக்குக் கட்டியிரிக்கன். பார்."

பார்த்தேன். கூரையில் என் கையெழுத்தில் 'சங்கம்' ஒன்பது தரம் இருந்தது.

"கேட்டிருக்கலாமே அக்கா."

"ஆரிட்டக் கேக்க? பாத்தி போட்டவன் வருவான் வருவான் எண்டு பாத்தன். மார்கழியில காட்டுப் பண்டி வந்து கிளறிச்சி. முள்ளு வெட்டி அடைச்சது நான். வெள்ளத்தில மண் கரைஞ்சி கொட்டை மிதக்கப் பாத்திச்சி. கூடையில மண் சுமந்து போட்டது நான். இலை விரிஞ்சா கிழங்கு தும்பாப் போயிரும். மறுகா ஆருக்கு அது?"

"ரீச்சர் அறிஞ்சா?"

"ரீச்சர்தான் முன்னூறு கிழங்கு கேட்டிரிக்கா. உங்கட சங்கம் இண்டைக்கு மைதானத்தில போடுற கடைக்கு." ஒன்றை எடுத்து ஊதி, உரித்து நீட்டினாள். "தின்."

தின்றேன்.

"எப்பிடி?"

"நல்லா இரிக்கி."

பொய் சொல்ல அதில் இடம் இருக்கவில்லை.

சங்கத்தின் கடை மைதானத்து வாகை மரத்துக்குக் கீழே இருந்தது. அடுத்த நடுகைக்கு நிதி சேர்க்கிறோமாம். நான் மேசைக்குப் பின்னால் நின்று கிழங்கு உரித்தேன். ரீச்சர் ஓட்டப்போட்டிக்கு நடுவில் மைக்கை வாங்கினார்.

"பெற்றோரே, பிள்ளைகளே. ஒரு கிழங்கு வாங்கினால் ஒரு பனை. நீங்கள் தின்னும் ஒவ்வொரு கிழங்கும் ஒரு மரம்."

ஒலிபெருக்கியில் நான் கேட்ட பேச்சுகளில் இதைவிட உண்மையான ஒன்று இல்லை. சனம் வரிசையில் நின்று காட்டைத் தின்றது. சுவிஸ்காரர் மிளகும் உப்பும் தொட்டுத் தொட்டுத் தின்றார்.

"இந்த ருசி அங்க இல்ல ரீச்சர். எந்த ஊர்க் கிழங்கு?"

"நம்மட ஊர்தான்," என்றார் ரீச்சர் பெருமையோடு.

பின்னேரம் மூன்று பேரும் கரையில் நடந்தோம். சுவிஸ்காரர் பல்லுக்குள் சிக்கிய கிழங்குத் தும்பை நகத்தால் இழுத்தபடி வந்தார். ஒற்றை இலைகளைக் கண்டதும் குந்தியிருந்து தொட்டுப் பார்த்தார். ரீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சம்பளம் கிட்டத்தட்ட என் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. பிறகு வளைவு வந்தது.

"இது என்ன ரீச்சர்?"

"பண்டி கிளறியிரிக்கி."

"பண்டி மண்வெட்டி பிடிக்குமா ரீச்சர்?"

குழியின் ஓரம் நேராக, சதுரமாக இருந்தது. ரீச்சர் குனிந்து பார்த்தார். பிளந்த கொட்டைகளைப் பார்த்தார். பிறகு அந்த ஒரே வீட்டைப் பார்த்தார். அக்கா படலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"விளங்கிற்று. களவு," என்றார் ரீச்சர். "பொலிசில ஒரு முறைப்பாடு போடுவம்."

அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். களவு என்று ஆனால் நான் பாவப்பட்ட காவல்காரன், அறை எனக்கு. அவளுடைய கூடை பொலிசுக்குப் போகும். பாத்தி என்று ஆனால் அவள் கிழங்குக்காரி, நான் மறுபடி பஸ் நிலையம். அந்த நேரத்தில் நியாயத்தைப் பற்றி நினைத்தேன் என்று எழுத ஆசைதான். நினைத்தது கொண்டியை. வாய் மட்டும் வேறு பக்கம் போனது.

"களவு இல்ல ரீச்சர்," என்றேன். "அது பாத்தி. நான்தான் போட்டன். ஏலாமப் போச்சி, ஒம்பது மூட்டையையும் கொட்டி மூடிட்டன். முள்ளு அடைச்சி, மண் போட்டு வளத்தது அவ." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க வித்ததும் இவர் தின்னதும் அதுதான்."

எப்படியும் கூரையை நிமிர்ந்து பார்த்திருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று பிறகு என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சுவிஸ்காரர் தும்பை ஒருவழியாக வெளியே எடுத்து, விரலில் வைத்துப் பார்த்துவிட்டுச் சுண்டினார்.

"அப்ப நான் நாலு மரம் திண்டிருக்கன்."

"அஞ்சு," என்றாள் அக்கா படலையிலிருந்து. "நானும் கடையடியிலதான் நிண்டன்."

அவர்தான் முதலில் சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை. காவல் சம்பளம் தருவதாகச் சுவிஸ்காரர் அங்கேயே சொன்னார், அக்காவுக்கு. பண்டியை விரட்டி, வெள்ளத்தில் மண் சுமந்த ஒரே ஆள் அவள்தானே என்றார். நானும் தலையாட்டினேன்.

"அறைச் சாவியைத் தா மனே," என்றார் ரீச்சர். முகத்தில் கோபம் இல்லை. பிழையான கணக்குக்குக் கோடு போடும்போது எந்த முகம் இருக்குமோ அதுதான் இருந்தது. கொடுத்தேன்.

மறுநாள் கிரானுக்கு பஸ் ஏறினேன். அறுவடைக் காலம், வேலை இருந்தது. வட்டையில் படுக்க நெல் மூட்டைகளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. நாலு பக்கமும் வயல், கதவு என்ற பேச்சே இல்லை. செருப்பு மறுபடி தலைக்குக் கீழே போனது.

ஆவணியில் அக்கா போன் எடுத்துக் கூப்பிட்டாள். நம்பரை யாரிடம் வாங்கினாளோ தெரியாது.

"மூட்டை வந்திரிக்கி. இருபத்தொண்டு. வாறியா?"

"அறை இரிக்கா அக்கா?"

"அறைக்குள்ளதான் மூட்டை இரிக்கி. சோறு தருவன்."

போனேன். கதவைத் திறந்தால் கூரைவரை உரப்பை. கொண்டியைத் தொடக்கூட வழியில்லை. ரீச்சர் வாசலில் நின்று விசயத்தை விளங்கப்படுத்தினார்.

"அறை எப்ப வெறுமையாகுதோ, அப்ப உள்ள போ. நான் மறிக்கமாட்டன்."

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தோணிக்குக் கீழே படுத்துக்கொண்டு நட்டேன். அலவாங்கு, கொட்டை, மண், எட்டு அடி. மணல் மெத்தென்று கிடந்த இடங்களை என் கண் தானாகவே தேடியது. மிச்சத்தை அங்கே கொட்டி மூடினால் ஒரு பின்னேர வேலையில் அறை எனக்கு வந்துவிடும் என்று கை ஒவ்வொரு நாளும் கணக்குச் சொன்னது. அக்கா கச்சான் விற்றுவிட்டு வந்து, ஒரு கம்பியோடு வரிசையில் நடப்பாள். நினைத்த இடத்தில் குத்திப் பார்ப்பாள். கம்பி கொட்டையில் தட்டாத இடத்தில் நின்று என் பக்கம் திரும்புவாள். நான் அலவாங்கை எடுத்துக்கொண்டு அங்கே போவேன்.

முப்பத்திரண்டு நாள் போனது. ஒரு மத்தியானம் கடைசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். அக்கா வளைவில் நின்று கையைக் காட்டினாள்.

"அது எனக்கு. பாத்தி வெட்டு."

"ரீச்சருக்குத் தெரியுமா?"

"அவதான் சொன்னா. மாசியில கடைக்குக் கிழங்கு வேணுமாம்."

அந்தக் குழியை நன்றாகவே வெட்டினேன். முன் அனுபவம் இருந்தது. கொட்டையைப் பரப்பி, மண்ணை மூடி, மேலே முள்ளும் அடுக்கிவிட்டு, வெறும் உரப்பையை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். பட்டப்பகல்தான். உள்ளே போய்க் கொண்டியைப் போட்டேன். அறை முழுதும் பனம்பழம் மணத்தது. உரப்பையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டேன்.