எழுபதில் வரும் நடுக்கம்

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வாங்க பெரியம்மா. நீங்க பேசுறதுல வண்டி என்ன சொல்லுதுன்னே கேக்கல."

என் புருஷன்கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை. பேசியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைத்திருக்காது. ஆனால் லாரியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டம்ளர் மெக்கானிக் எரிந்து விழுந்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன்.

லாரி என்னுடையது. வயது இருபத்திரண்டு. எழுபது கிலோமீட்டர் வேகம் வரை சாதுவாக ஓடும். அதைத் தாண்டினால் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கும். மூன்று பட்டறைகளில் காட்டியாகிவிட்டது. டயரை மாற்றினார்கள், சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டார்கள். நடுக்கம் மட்டும் மாறவில்லை. மறுநாள் காலையில் பழைய இரும்பு வாங்குகிறவர் வருவதாகப் பேச்சு. லாரி போனால் அதை ஓட்டும் என் மருமகனுக்கும் பிழைப்பு போகும். அவன் ஜன்னலோரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆறு மாதமாக நான்தான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன், கண்ட பள்ளத்திலும் இறக்கி வண்டியைக் கெடுத்துவிட்டான் என்று.

மெக்கானிக்குக் கதவுபோல் அகன்ற தோள், குழந்தைபோல் சின்னப் பாதம். ஓட்டும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். நடுக்கம் பாதத்தில்தான் முதலில் தெரியுமாம். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் வைப்பார். வேலை முடியாமல் அதில் ஒரு வாய் குடிக்க மாட்டார், நாக்கு வறண்டாலும் சரி. பட்டறையில் வைத்து வண்டியைத் திறந்து பார்க்கச் சொன்னால் சிரிப்பார். "பட்டறைல நிக்கறப்ப அது ரொம்ப நல்ல புள்ள. ரோட்டுக்கு வந்தாத்தானே அதோட குணம் தெரியும்?"

பெரிய சாலையில் வேகம் எழுபதைத் தொட்டது. டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. அவர் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"கை சும்மா இருக்கு. குண்டிதான் ஆடுது. அப்ப முன்சக்கரத்து மேல பழி போடாதீங்க."

எண்பதில் சட்டென்று கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் சத்தம் அடங்கியது, நடுக்கம் அப்படியே இருந்தது. எஞ்சினும் தப்பித்தது என்றார். பின்சக்கரம் கெட்டிருந்தால் மெதுவாகத் தூக்கித் தூக்கிப் போடும். இது விறுவிறுவென்று நடுங்குகிறது, சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றுகிற ஏதோ ஒன்று என்றார். சொல்லிவிட்டு ஓரங்கட்டி, கீழே சாக்கை விரித்து, லாரிக்கு அடியில் புகுந்தார். எஞ்சினிலிருந்து பின்னால் போகும் நீண்ட இரும்பு ஷாப்டைக் கத்தியால் சுரண்டும் சத்தம் கேட்டது.

"இதுக்கு யாரு நீலப் பெயிண்ட் அடிச்சது?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் சாலையைப் பார்த்தேன். போன வருஷம் லாரியை மணப்பெண் மாதிரி சிங்காரிக்கிறேன் என்று மேலே கீழே ஒன்று விடாமல் அடிக்கச் சொன்னவள் நான்தான். ஷாப்ட் இரண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்குமாம். இரண்டிலும் ஓர் அம்புக்குறி. இரண்டு அம்பும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். பெயிண்ட் இரண்டையும் மூடிவிட்டது. அதன்பிறகு ஷாப்டைக் கழற்றி வேலை பார்த்த பட்டறைக்காரர், அம்பு தெரியாமல் குத்துமதிப்பாகச் செருகிவிட்டார். செருகும் இடத்துப் பற்களில் ஒரு பல் தள்ளி.

"என்ன அத்தை, பள்ளத்துல எறக்குனது யாரு?" என்றான் மருமகன்.

"நான்தான்டா. பெயிண்டையும் நான்தான் அடிச்சேன், உன்னையும் நான்தான் திட்டினேன். இப்ப என்ன, கால்ல விழணுமா?"

லாரிக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வெகுநேரம் நிற்கவில்லை.

அம்புகளை நேராக்கி மாட்டிக்கொண்டு கிளம்பினோம். எழுபது. எண்பது. தண்ணீர் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். மருமகன் இரும்புக்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னான். அவன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திரும்புகிற வழியில் ஒரு வளையல் கடைமுன் வண்டியை நிறுத்தினார் மெக்கானிக். சிவப்பு நகப்பூச்சுக் குப்பியோடு வந்தார். வீட்டம்மாவுக்கா என்று கேட்டேன். மறுபடி லாரிக்கு அடியில் புகுந்தார். நானும் குனிந்து பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, சின்னப் பெண்ணுக்கு நகம் தீட்டுவதுபோல் அந்த இரண்டு அம்புக்கும் சிவப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, மூடியைத் திருகி, மிச்சத்தை என் கையில் வைத்து அழுத்தினார்.

"இனிமே பெயிண்ட் அடிக்கற ஆசை வந்தா, இத அடிங்க."

குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். விலை முப்பது ரூபாய்.