நான் வைத்ததாகச் சொன்ன சேனை

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டியதோடு நிற்காமல் வேதியியலில் முதுகலை வரை போய், இப்போது நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இதைச் சொல்ல எங்கே இடம் கிடைத்தாலும் சொல்லிவிடுவேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவருக்கும் தெரிந்திருக்கும்.

சமையலில் நான் பூச்சியம் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். அம்மா சேனை மெழுக்குபுரட்டி வைத்திருந்தாள். சேனைக்கிழங்கைச் சின்னச் சதுரமாக வெட்டி, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, சின்ன உள்ளி, பூண்டு, வற்றல் மிளகாய் எல்லாவற்றையும் நசுக்கிப் போட்டு, தேங்காய் எண்ணெயில் ஓரம் முறுகும்வரை புரட்டியது. விலங்கியல் டீச்சர் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். அடுத்து தன் டப்பாவின் மூடியை நீட்டினார். அதைப் பார்த்துக் கணக்கு டீச்சரும் மூடியை நீட்டினார்.

"இது ஆரு வச்சது? டீச்சரா?" என்று என்னைக் கேட்டார் விலங்கியல் டீச்சர்.

அந்த 'டீச்சரா'வில் ஒரு சந்தேகம் இருந்ததாக எனக்குப் பட்டது. முதுகலை படித்தவளைப் பார்த்து அப்படிக் கேட்கலாமா?

"பின்ன? நான்தான்."

மூன்று மாதம் அந்தப் புகழில் வாழ்ந்தேன். வாரம் இரண்டு நாள் சேனை கொண்டுபோவேன், இரண்டு மூடிகள் நீளும். பிறகு ஒரு நாள் விலங்கியல் டீச்சர் சொன்னார்: "எங்க வீட்டுல எப்ப வச்சாலும் தொண்டை சொறியுது டீச்சரே. இந்தச் சனியாழ்ச்ச நாங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுக்கு வாறோம். நீங்க வைங்க, நான் பக்கத்துல நிண்ணு படிக்கேன்."

சாயங்காலம் குன்னத்துகாலில் பேருந்து இறங்கி வீட்டுக்குப் போனபோது அம்மா வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முட்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப மூணு மாசமா எனக்க சேனைய உனக்க சேனைண்ணு சொல்லித் தின்னக் குடுத்திருக்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா. நீ காட்டிக் குடுத்திராத."

"நான் ஒண்ணும் சொல்லல்ல மக்கா. நீயே வை. ஒரு காரியம் மட்டும். அடுக்களையில ஆரும் அந்த வார்த்தையச் சொல்லப்பிடாது."

அந்த வார்த்தை, சொறி. சேனையில் கத்தி வைத்ததிலிருந்து அது வெந்து இறங்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் சொறியும் என்றோ அரிக்கும் என்றோ சொல்லக் கூடாது. சொன்னால் சேனைக்குக் கேட்டுவிடும், கேட்டால் கட்டாயம் சொறியும். சேனை வெந்த பிறகும் அம்மா சொல்ல மாட்டாள். நான் சின்ன வயதில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றால்கூட, "அது இருக்கா?" என்றுதான் கேட்பாள்.

"அது கால்சியம் ஆக்சலேட்டும்மா. ஊசி மாதிரிப் படிகம். அதுக்குக் காது கிடையாது."

"உனக்க ஆக்சலேட்டுக்குக் காது இல்லாம இருக்கும். எனக்க சேனைக்கு உண்டு."

சனிக்கிழமை இருவரும் உதியன்குளங்கரையில் இறங்கி ஆட்டோவில் வந்தார்கள். அம்மா வாக்குக் கொடுத்தபடி புறவாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அடுக்களை முழுக்கத் தெரியும்.

கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது சேனைக்குப் பயந்தவர்கள் செய்கிற காரியம் போலத் தோன்றியதால் தடவவில்லை. வெட்டிக்கொண்டே ஆக்சலேட்டைப் பற்றி விளக்கினேன். புளி சேர்த்தால் அந்த அமிலத்தில் படிகம் கரையும் என்றேன். கணக்கு டீச்சர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். பாதிச் சேனை வெட்டுவதற்குள் என் உள்ளங்கையில் தீப்பிடித்தது. பாடத்தை நிறுத்தாமல் கையை எரிவாயு உருளையில் தேய்த்தேன், அரிசிச் சாக்கில் தேய்த்தேன், கடைசியில் கதவு நிலையில் சாய்ந்து நிற்பதுபோல நின்று அதிலும் தேய்த்தேன்.

பிறகு உப்பு வேண்டியிருந்தது. முதல் டப்பாவில் ரவை இருந்தது. இரண்டாவதில் தேயிலை. மூன்றாவதில் சர்க்கரை. புறவாசலில் அம்மா இருமினாள். வலப்பக்கம் என்று சொல்கிறாளாக்கும் என நினைத்து அங்கே தேடினேன். இன்னும் பலமாக இருமினாள். உப்புச் சாடி அடுப்புக்கு இடப்பக்கம், என் முழங்கைக்குக் கீழேயே இருந்தது.

அடுத்தது புளி. இன்னும் நான்கு டப்பா திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"புளி?" என்றார் கணக்கு டீச்சர், கைப்பேசியைப் பார்த்து.

"சேனை நல்ல சேனையா இருந்தா தேவையில்ல."

அப்போதுதான் விலங்கியல் டீச்சர் என் கையைப் பார்த்தார். "ஐயோ, என்ன டீச்சரே இப்பிடி சிவந்திருக்கு? சொறியுதா?"

அம்மாவின் விரல்கள் கீரையில் நின்றன. "போச்சு," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

துண்டுகள் குழைந்துவிடக் கூடாதென்று சீக்கிரமே இறக்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. இலையில் வைத்தபோது விலங்கியல் டீச்சர் படம்கூட எடுத்தார். முதல் வாய் நன்றாகவே போனது. இரண்டாவது வாயில் கணக்கு டீச்சர் தண்ணீர் கேட்டார். விலங்கியல் டீச்சர் தொண்டையைச் செருமினார், மறுபடி செருமினார், மழைநாளில் ஸ்கூட்டரைக் கிளப்புவது போலச் செருமிக்கொண்டே இருந்தார். என் தொண்டையிலும் ஒரு முள்ளம்பன்றி புரண்டது. மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மரியாதையாகச் சாப்பிட்டோம்.

"நல்லா இருக்கு," என்றார் கணக்கு டீச்சர், கண்ணில் தண்ணீரோடு. அதோடு நிறுத்தியிருக்கலாம். "பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாற அதே ருசி."

மோர் ஊற்ற வந்த அம்மா அப்படியே நின்றாள். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். ஒரு வாரம் வாயைக் கட்டியிருந்தவள். என் இலையைப் பார்த்தாள், அவர்கள் இலையைப் பார்த்தாள், கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"டீச்சரே, இது இவ வச்சது. அங்க நீங்க தின்னது நான் வச்சதாக்கும். எனக்க சேனை இண்ணு வரைக்கும் ஒருத்தருக்கும் சொறிஞ்சதில்ல!"

அந்த வார்த்தையை அம்மா வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விலங்கியல் டீச்சர் செருமலுக்கு நடுவே, "தெரியும்மா," என்றார். "உப்பு தேடினப்பவே தெரிஞ்சு." கணக்கு டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததும் தொண்டை இன்னும் மோசமானது. அம்மா உள்ளே போய், நான் திறக்காமல் விட்ட நான்காவது டப்பாவிலிருந்து புளி எடுத்து வந்தாள். ஆளுக்கு ஓர் உருண்டை. மூன்று ஆசிரியைகளும் வாயில் புளியோடு முகம் சுளித்து உட்கார்ந்திருந்தோம்.

"புளி போட்டிருந்தா சரியாகியிருக்கும்," என்றேன்.

"வார்த்தையச் சொல்லியாச்சு. பின்ன புளி என்ன செய்யும்?" என்றாள் அம்மா.

"நான்தானேம்மா சொன்னேன்," என்றார் விலங்கியல் டீச்சர்.

"உங்களுக்குத் தெரியாதுல்லா டீச்சரே, உங்க மேல குத்தமில்ல. ஆனா சேனைக்கு விருந்தாளி, வீட்டாளு எல்லாம் ஒண்ணுதான்."

திங்கட்கிழமை மதியம் என் டப்பாவைத் திறக்கும் முன்பே கேள்வி வந்தது.

"ஆரு வச்சது?"

"எங்க அம்ம."

இரண்டு மூடிகளும் நீண்டன. எனக்கு ஒரு துண்டு மிஞ்சியது.

"கை எப்பிடி இருக்கு டீச்சரே?" என்றார் கணக்கு டீச்சர்.

கையை மேசைக்கு அடியில் தேய்த்துக்கொண்டே சொன்னேன்: "அது இருக்கு."