கடைசிப் படகைப் பிடிக்கும் கோல்கீப்பர்

கால்பந்து பார்க்கச் சம்பளம் தருகிறார்கள் என்றதும் பொறாமைப்படாதீர்கள். எங்கள் தொழிலில் பார்ப்பதற்குச் சம்பளம் இல்லை, பொத்தான் அமுக்குவதற்குத்தான்.

மொன்ட்ரியாலில் ஓர் அலுவலகம். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ஒரு குட்டித் தீவு நாட்டின் முதல் நிலை கால்பந்து லீக் என் பொறுப்பு. அங்கே மாலை, இங்கே காலை. நேரலையைப் பார்த்துக்கொண்டே த்ரோ, கார்னர், கோல் என்று அமுக்க வேண்டும். அந்தத் தகவலைப் பந்தயக் கம்பெனிகள் வாங்குகின்றன. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், படித்தது புள்ளியியல். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இந்த வேலை நிலைக்க வேண்டும் என்பதால் எதற்கெடுத்தாலும் பயம். திரை முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கும் தோழர்களே, உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடலுக்குள் போன பந்து

அந்த நாட்டில் லீக் நடப்பது ஒரே மைதானத்தில். ஒரு பக்கம் மதில், மதிலுக்கு அப்பால் கடல். காற்று பலமாக அடித்தால் பந்து கடலுக்குப் போய்விடும். யாரும் அலட்டிக்கொள்வதில்லை. யாராவது நீந்திப் போய் எடுத்து வருவார்கள், அதுவரை ஆட்டம் நிற்கும். எங்களிடம் ஆட்டம் நிற்பதற்கு உள்ள பொத்தான்கள் காயம், மழை, விளக்கு அணைந்தது என்ற மூன்றுதான். நான் காயத்தை அமுக்கினேன்.

எங்கள் வாடிக்கையாளரான பந்தயக் கம்பெனிக்காரர் உடனே கூப்பிட்டார். யாருக்குக் காயம் என்றார். பொய் சொல்ல வரவில்லை, பந்து கடலில் இருக்கிறது என்றேன். அவர் திருப்பிக் கேட்டார்: "கடல் எந்த அணிக்கு ஆடுகிறது?"

கையுறையைக் கழற்றுகிறவர்

அங்கே ஒரு பச்சைச் சட்டை கோல்கீப்பர். வீடு பக்கத்துத் தீவில். மைதானத்தை ஒட்டிய துறையிலிருந்துதான் கடைசிப் படகு புறப்படும். இரண்டாம் பாதியில் படகின் சங்கு கேட்டதும் கையுறையைக் கழற்றி மாற்று கீப்பரிடம் கொடுத்துவிட்டு, கோலுக்குப் பின்னால் இருக்கும் கேட் வழியாக ஓடுவார். எதிரணிக்காரர்களே முதுகில் தட்டி அனுப்புவார்கள். சங்கு கேட்டவுடன் ஆளை மாற்றிக் குறித்துக்கொள்ள நடுவரும் பழகிவிட்டார். மாற்று கீப்பர் கொஞ்சம் பருமன், அவர் வந்தால் கோல் விழும்.

எங்கள் மேற்பார்வையாளர் மனோ அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர், டொலார்ட் என்ற புறநகரிலிருந்து காரில் வருகிறவர். இதைக் காட்டியபோது வயிறு குலுங்கச் சிரித்தார். "கடைசி பஸ் வந்தா நாங்களும் கிரிக்கெட் துடுப்பை எறிஞ்சிட்டு ஓடின ஆக்கள்தான் தங்கச்சி. இதிலை என்ன புதினம்?"

சிவப்பு விளக்கு

எங்கள் மென்பொருளுக்குச் சங்கு கேட்காது. ஜெயிக்கிற அணி ஒவ்வொரு முறையும் நல்ல கீப்பரை வெளியே அனுப்புகிறது, பிறகு கோல் விழுகிறது. ஆட்டம் விலைபேசப்பட்டதோ என்று சிவப்பு விளக்கு எரிந்தது. நான் 'இயல்பு' அல்லது 'சந்தேகம்' என்று குறிக்க வேண்டும். சந்தேகம் என்று குறித்தால் அங்கே அவரை விசாரணை முடியும்வரை ஆடவிடமாட்டார்கள். இயல்பு என்று குறித்துப் படகு விஷயத்தையும் எழுதினேன். மேலிடத்தில் ஏற்காமல் திருப்பி அனுப்பினார்கள்.

கடைசியில் வாடிக்கையாளரோடு ஒரு கூட்டம். எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்படியானால் அந்த ஆள் மைதானத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்க்க வேண்டியதுதானே?"

அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைக்காமல், நகரின் வட ஓரத்தில், மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு அறையை இன்னொரு பெண்ணோடு பங்குபோட்டுக்கொண்டு, பனியில் பஸ்ஸுக்கு நின்று, அப்புறம் மெட்ரோ பிடித்து வருகிறவள் நான். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்ததில்லை. ஒலிவாங்கியை அணைத்துவிட்டு மேசையைக் குத்தினேன், அவ்வளவுதான் முடிந்தது.

யார் அமுக்கியது

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய வாரம் அது. மனோ அண்ணா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சந்தேகம் என்று குறிக்காமல் விட்டு, அதனால் வாடிக்கையாளர் போய்விட்டால் இந்த லீக்கே நம் கையில் இருக்காது, தனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். அந்த கீப்பருக்கும் இருக்கலாம் என்றேன். அமுக்க மாட்டேன் என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் குனிந்து, என் மௌஸை நகர்த்தி, 'சந்தேகம்' என்பதை அமுக்கினார். இதில் என்ன புதுமை என்று சிரித்த அதே மனிதர். என் கணக்கில், என் பெயரில். பிறகு தோளைத் தட்டிச் சொன்னார்: "நீ அமத்தேல்லைத்தானே. பிறகென்ன, நிம்மதியா இரு."

சுத்தமான ஆட்டம்

குறித்தது நான் இல்லை, காரணம் படகு என்று மேலிடத்துக்கு என் பெயர் போட்டு எழுதினேன். பதில் வரவில்லை. ஒப்பந்தம் மட்டும் வந்தது. மனோ அண்ணா இப்போது வேறு வரிசை வழியாக நடந்து தன் இடத்துக்குப் போகிறார்.

அடுத்த ஆட்டத்தில் பருமனான கீப்பர் முதலிலிருந்தே நின்றார். முதல் பாதியிலேயே வரிசையாகக் கோல் விழுந்தது. படகின் சங்கு கேட்டதும் அவர் கோலை விட்டுத் திரும்பி, மூடியிருந்த கேட்டைப் பார்த்தார். நடுவரும் பார்த்தார். யாரும் ஓடவில்லை. என் திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது. ஆட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர் எனக்கு நன்றி சொன்னார்: "இந்த லீக் இப்போதுதான் சுத்தமாக இருக்கிறது."

எங்கள் பலகையில் காயத்துக்குப் பொத்தான் உண்டு, மழைக்கு உண்டு, விளக்கு அணைந்தால் உண்டு; ஒருவர் வீட்டுக்குப் போகிறார் என்பதற்கு மட்டும் இன்னும் வைக்கவில்லை.