சொந்தப் பிள்ளை மேல் ஒரு புகார்

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் ஜீப் வந்து திரும்புகிற இடத்துக்கு மேலே, சாமைக் கொல்லையை ஒட்டி இருக்கிறது ரஞ்சிதத்தின் வீடு. புருஷனிடம் அடி வாங்கிய பெண்கள் அங்கே வருவார்கள். ரோட்டு வழியாக வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கொல்லைக்குள் புகுந்து பின்பக்கமாக வருவார்கள். ரஞ்சிதம் எடுத்ததும் எதுவும் கேட்கமாட்டாள். முதலில் களி போடுவாள். தின்று முடித்த பிறகுதான், "இன்னா பண்ணலாம்னு இருக்கிற?" என்பாள். அழுது ஓய்ந்து திரும்பிப் போகிறவர்களே அதிகம். மலையிறங்கிக் கீழே போகலாம் என்கிறவளோடு ஜீப் ஏறி, ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் என்று எல்லா இடத்திலும் கூடவே நிற்பாள். பெண்களுக்கு உதவுகிற மையம் ஒன்றில் வேலை பார்க்கிற சிவசங்கரி மேடத்தின் போன் நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

இதைச் செய்யச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. நூறு நாள் வேலைக்குப் போவாள், புளி உடைப்பாள், சீதாப்பழக் காலத்தில் கூடை கட்டிக்கொண்டு ஆலங்காயம் போய் விற்று வருவாள். சின்ன வயசில் அவளுக்கு ஓடி ஒளிய ஒரு வீடு கிடைக்கவில்லை. அதுதான் காரணம்.

அவள் புருஷன் கருப்பன் கையில் எது கிடைத்தாலும் அதால் அடிப்பான். ஒருநாள் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் அவள் தோள் இறங்கிப்போனது. இனி இருந்தால் பிணமாகத்தான் வெளியே போவோம் என்று ஊர்க்கூட்டத்தில் போய் நின்றாள். பெரியவர்கள் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்கள். "நீ போறதுன்னா போ. புள்ள அந்த வூட்டுப் புள்ள. அவன் வரமாட்டான்." மகன் சின்னராசு அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். அவள் போனாள். மகன் வளர்வதை ரேஷன் கடையிலும் திருவிழாக் கூட்டத்திலும் தூரத்திலிருந்து பார்த்தாள்.

குடித்துக் குடித்து ஈரல் கெட்டுக் கருப்பன் செத்த பிறகு, மீசை அரும்பிய பையனாக அவனே அவளைத் தேடிக்கொண்டு வந்தான். ஒழுகிய கூரைக்குத் தகடு போட்டுக் கொடுத்தான். போன் வாங்கிக் கொடுத்தான். வாய் நிறைய அம்மா என்று கூப்பிட்டான். போன பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்று ரஞ்சிதம் கண்ட இடத்திலெல்லாம் சொன்னாள். பக்கத்து ஊரில் நதியாவைப் பார்த்துப் பேசி முடித்ததும் அவள்தான். நதியாவின் அம்மா காந்தா கொஞ்சம் தயங்கினாள். "அவங்க அப்பன் ஒரு மாதிரின்னு சொல்றாங்களே" என்றாள்.

"என் புள்ள கை ஓங்கமாட்டான். அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் ரஞ்சிதம்.

சின்னராசும் நதியாவும் கருப்பனின் வீட்டில், கருப்பனின் நிலத்தை உழுதுகொண்டு இருந்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. ரஞ்சிதம் வாரத்துக்கு ஒருமுறை மேடு ஏறி இறங்கிப் பேத்தியைப் பார்த்துவிட்டு வருவாள். கொஞ்ச நாளில் நதியா புடவைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தாள். காட்டு வேலைக்கு எல்லாப் பெண்களும் போடுவதுதான். ஆனால் நதியா வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றவில்லை. உதடு வீங்கியிருந்ததற்கு, "மாட்டுக் கொட்டாயில வழுக்கி உழுந்துட்டேன் அத்த" என்றாள். வேறொருத்தி இதைச் சொல்லியிருந்தால் ரஞ்சிதம் சட்டைக் கையைத் தானே மடித்துப் பார்த்திருப்பாள். அன்றைக்கு, "பாத்து நடக்கக் கூடாதா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். வழியெல்லாம் கொட்டாய்த் தரை வழுக்கும்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

புளி உடைக்கும் காலம். ரஞ்சிதமும் பக்கத்து வீட்டுச் செல்லம்மாவும் வாசலில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நதியா ரோட்டு வழியாகவே வந்தாள். யார் பார்க்கிறார்கள் என்ற கவலையெல்லாம் போய்விட்டிருந்தது. காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. குழந்தை கையில் இல்லை.

"பாப்பா எங்க?"

"புடுங்கி வச்சிகினாரு."

செல்லம்மா எழுந்து ஓசைப்படாமல் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். நதியா தரையில் உட்கார்ந்தாள். ரஞ்சிதம் பேசியது அவளுக்குப் பாதிதான் கேட்டது. தலையைத் திருப்பி, கேட்கிற காதைக் காட்டிக்கொண்டு கேட்டாள்:

"அத்த, மத்தவங்களுக்கெல்லாம் பண்ணுவீங்களே. அத எனக்கும் பண்ணுவீங்களா?"

ரஞ்சிதத்தின் கையில் புளி ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவக்கூடத் தோன்றாமல் நின்றாள். நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாமா, நான் போய் அவனைக் கண்டித்துவிட்டு வரட்டுமா என்றெல்லாம் மனசு அலைந்தது. பெண்ணைத் திருப்பி அனுப்புகிற தாய்மார்களை அவள் எத்தனை முறை ஏசியிருக்கிறாள். அவர்கள் வாயில் வந்த அதே பேச்சு தன் வாயில் வந்து நிற்பதை உணர்ந்தாள். உள்ளே போய்க் களி எடுத்து வந்தாள். நதியாவால் விழுங்க முடியவில்லை.

"வா, ஜீப் போயிடும்" என்றாள் ரஞ்சிதம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். பழைய காயமும் இருக்கிறதே, ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்டார். நதியா மாமியாரைப் பார்த்தாள். ரஞ்சிதம் தலை குனிந்துகொண்டாள்.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு அவளை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னாம்மா, இந்த தடவ யாரு?"

"என் மருமவ சார். அடிச்சது என் புள்ள."

ஏட்டு பேனாவை மூடினார். "சொந்தப் புள்ள மேலயே கேசு குடுக்க வந்தியா? வூட்டுலயே பேசி முடிக்க வேண்டியதுதான?"

"எழுதுங்க சார்" என்றாள் ரஞ்சிதம்.

எழுதவில்லை. போன் போட்டு அவனைக் கூப்பிட்டார்கள். மத்தியானம் சின்னராசு வந்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். நதியாவின் அப்பாவும் கூட வந்திருந்தார். சின்னராசு கத்தவில்லை. ஏட்டுக்கு வணக்கம் வைத்தான். பிறகு அம்மாவிடம் வந்து நின்றான்.

"அன்னிக்கி என்ன உட்டுட்டுப் போன. நீ போனப்புறம் அப்பன் யாரப் போட்டு அடிச்சான்னு ஒருநாளாவது கேட்டியா? இப்ப என் பொண்டாட்டிக்கும் அதயே சொல்லிக் குட்த்தியா?"

ரஞ்சிதம் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. அது வேஷம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. "ராசு" என்றாள்.

வெளியே வந்து சிவசங்கரிக்குப் போன் செய்தாள். "கூட்டிட்டு வாங்கம்மா, நான் இடம் பாக்கறேன். குழந்தையோட வந்தா நல்லது" என்றாள் அவள். ரஞ்சிதம் ஏட்டிடம் குழந்தையைக் கேட்டாள். அதெல்லாம் கோர்ட்டில் போய்க் கேட்டுக்கொள் என்றார். நதியாவின் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஊர எதிர்த்துகினு பொண்ண வச்சிக்க எங்களால ஆவாது" என்றார். இனி அடிக்கமாட்டேன் என்று சின்னராசுவிடம் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். குழந்தை அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. நதியா எழுந்தாள்.

"போவாத நதியா. மேடம் இடம் குடுக்கறேன்னு சொல்றாங்க. புள்ளய அப்பால வாங்கிக்கலாம்."

நதியா நின்று, கேட்கிற காதைத் திருப்பி முழுதும் கேட்டாள்.

"நீங்க உட்டுட்டுப் போனீங்க அத்த. என்னால முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரலில் சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு புருஷன் பின்னால் நடந்தாள்.

அடுத்த மாசமே சின்னராசு வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். கேரளாவில் மிளகுத் தோட்டம் என்றார்கள், குடகில் காப்பித் தோட்டம் என்றும் சொன்னார்கள். மலையிலிருந்து பிழைக்கப் போகிறவர்கள் எங்கே இருந்தாலும் ஊருக்குப் பேசிவிடுவார்கள். இவன் நம்பரையே மாற்றிவிட்டான். ரேஷன் கடையில் காந்தா ரஞ்சிதத்தின் எதிரே வந்து நின்றாள். நீதானே பொறுப்பு என்றாய் என்று அவள் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "பொண்ணு எங்க கீதுன்னாவது உனக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்டாள்.

அதற்குப் பிறகு கொல்லை வழியாக யாரும் வருவதில்லை. பெத்த பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஆண்கள் பேசினார்கள். பெண்கள் அப்படிப் பேசவில்லை. அவள் மருமகளையே அவளால் காப்பாற்ற முடியவில்லை, நம்மை என்ன செய்வாள் என்றார்கள். கை ஒடிந்த பெண் ஒருத்தி மேல் ஊரிலிருந்து இறங்கி, இவள் வாசலைத் தாண்டி நடந்தே போனதைச் செல்லம்மா வந்து சொன்னாள். ரஞ்சிதம் ரோடு வரை ஓடினாள். ஆளைக் காணோம்.

மழைக்காலம் தொடங்கியதும் அவள் மறுபடி ஸ்டேஷனுக்குப் போனாள். மருமகளையும் பேத்தியையும் காணவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

"புருஷன்கூடத்தானம்மா போயிருக்கா" என்றார் ஏட்டு. "அத எப்படிக் காணோம்னு எழுதறது?"

இந்தத் தடவை அவள் யாருக்கும் துணையாக வரவில்லை, அவளுக்குத் துணையாகவும் யாரும் வரவில்லை. புகார் சொல்ல வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நேரமாகிவிட்டது, கிளம்பு என்று ஏட்டு சொன்ன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.