பிரெஞ்சில் போன மனு

ஜெகதாப்பட்டினம் கடைவீதியில் எனக்கு ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மனு எல்லாம் அடிப்பேன். "யூனிகோடுக்கு மாறுங்கண்ணே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இருபது வருடமாகப் பழைய எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு அடித்த விரல்களய்யா இவை! நேற்று முளைத்தவர்கள் எனக்குப் பாடம் எடுப்பதா?

அந்த எழுத்துருவின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கணினிக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். 233 என்றால் é, 241 என்றால் ñ என்று வெள்ளைக்காரன் தன் கொம்பு வைத்த எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தான். நம் ஆட்கள் சத்தமில்லாமல் அந்த இடங்களில் தமிழ் எழுத்துகளைக் குடிவைத்துவிட்டார்கள். எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் பழைய குடித்தனக்காரன் எட்டிப் பார்ப்பான். ஆக, நான் அடித்தது தமிழே இல்லை, தமிழ் வேஷம். கடையிலேயே அச்சடித்துக் கொடுத்தவரைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். எல்லை தாண்டியதாக அவள் புருஷன் மீன்பிடிக்கப் போன படகைப் பிடித்து, ஆட்களை அக்கரையில் சிறை வைத்திருந்தார்கள். அவனுக்கு வலிப்பு உண்டு. காலை, இரவு மாத்திரை போட்டாக வேண்டும். எப்படியாவது மாத்திரையைச் சிறைக்குள் சேர்க்கச் சொல்லி மனு எழுதணும் என்று டாக்டர் சீட்டை நீட்டினாள். புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸில் வேர்டு ஃபைலாக மெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தார்களாம். மூன்று இடத்தில் 'கருணை கூர்ந்து' போட்டு, ஜோராக அடித்து அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் கடிதத்தோடு வந்தாள். 'தங்கள் மனு முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டு மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது.' அதன் கீழே, மனுவின் வாசகம் என்று é, ñ, û, Å என வரிவரியாக ஓடியது. அதற்கும் கீழே நாலு கையெழுத்து, இரண்டு முத்திரை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாத்தியாம்மா ஆபீஸ் லட்சணத்த! பிரெஞ்சுக்காரன் மனு மாதிரி இருக்கு. நாலு பேரு கையெழுத்துப் போட்டுருக்கான், ஒருத்தன்கூடப் படிக்கல!"

அவள் சிரிக்கவில்லை. "நீங்க தமிழ்லதானண்ணே அடிச்சீங்க? எப்புடி இப்புடிப் போச்சு?"

"அது... அங்கிட்டு அவங்க கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறும்மா" என்றேன் கூசாமல்.

"அப்ப மாத்திர விஷயம் இன்னும் ஒருத்தருக்கும் தெரியாதாண்ணே?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். ஒரு தாளில் நின்றபடியே கோணல்மாணலாக நாலு வரி எழுதினாள். அதில் ஒரு 'கருணை கூர்ந்து'கூட இல்லை. அப்படியே புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அந்த வாரத்துக்குள் மாத்திரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குள் அவனுக்கு இரண்டு தடவை வலிப்பு வந்திருந்தது. இரண்டாவது தடவை சிமெண்டுத் தரையில் முகம் மோதி முன்பல் இரண்டும் போய்விட்டன.

இரண்டு மாதம் கழித்து விடுதலையாகி வந்தவன், நேராக என் கடைக்கு வந்தான். பின்னாலேயே அவளும் வந்தாள். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பொக்கை வாயோடு சிரித்தான்.

"நீங்க அடிச்ச மனுவாலதாண்ணே எனக்கு மாத்திர வந்துச்சு. இல்லாட்டி செத்தே போயிருப்பேன்."

அவள் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அட, இதுல என்னப்பா இருக்கு" என்றேன். "நம்ம ஆளுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்."