டைட்டஸின் சிவந்த முகம்

டைட்டஸ் தன் ஆயுசில் ஒரு சொட்டு சாராயம் நாக்கில் வைத்தவரில்லை. அப்பா குடித்தே செத்த வயிற்றெரிச்சலில் எடுத்த வைராக்கியம் அது. அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் பங்காருப்பேட்டைப் பக்கத்து ஊரான பாலகாட் முழுக்கக் குடிகாரன் என்று பெயராகிவிட்டது.

எல்லாம் முகத்தால் வந்தது. திடீரென்று கழுத்திலிருந்து சூடு ஏறும். கருத்த முகம் செம்பு போலச் சிவந்து மினுங்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக் வேலை. காலை ரயிலில் கூட வருகிறவர்கள் அவரைப் பார்த்துக் கண்ணடித்துக்கொள்வார்கள். சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவரிடம் பாஸ்டர் நாசூக்காக, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க பிரதர்" என்றார். அடுத்த வாரமே டைட்டஸ் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

மனைவி ஐடாதான் நேராகக் கேட்டாள். "எங்க, வாய ஊதுங்க பாக்கலாம்."

ஊதினார். ஒரு வாடையும் இல்லை.

"அப்பொ இன்னாங்க இது?" என்றாள். கோபம் போய்க் குரலில் பயம் வந்திருந்தது.

உள்ளூர் டாக்டர் அலர்ஜி என்றார். கூடவே இருந்த ஓயாத வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கொடுத்தார். கால் இரண்டும் வீங்கி, வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிறுகுடலில் கார்சினாய்டு என்கிற கட்டி. மெதுவாக வளரும் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அது சுரக்கிற நீர்தான் முகத்தைச் சிவக்க வைத்தது. அதே நீர் இதயத்தின் வலப்பக்க வால்வையும் தடிக்க வைத்து, மூடமுடியாமல் விறைக்கச் செய்துவிட்டது.

"நெஞ்சத் திறந்து ஆபரேஷன் பண்ணா உங்க உடம்பு தாங்காது. தொடை நரம்பு வழியா குழாய் விட்டு, புது வால்வைக் கொண்டுபோய் வெச்சிடலாம்" என்றார் டாக்டர்.

"வெச்சா பொழச்சிக்குவேனா சார்?"

"வீக்கம் வடியும். மூச்சு சுலபமா வரும். கட்டி அப்படியேதான் இருக்கும்."

ஐடா முதல் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வால்வு நல்லபடியாக உட்கார்ந்தது. கால் வடிந்து செருப்பு பொருந்தியது. விஷயம் தெரிந்து பக்கத்து வீட்டு ஃப்ளோரா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். "நாங்கதான் தப்பா நெனச்சிட்டோம்ணே" என்று அழுதாள். பாஸ்டரே வந்து பாடக் கூப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றார். மூச்சு இருந்தது, குரலும் எழுந்தது. இரண்டாம் சரணத்தில் கழுத்திலிருந்து சூடு கிளம்பியது. சபை முழுக்க அவரையே பார்த்தது. அன்று கண்ணடிப்பில்லை, அத்தனை முகத்திலும், சாகப்போகிறவனைப் பார்க்கிற இரக்கம். ரயிலில் பட்டதெல்லாம் இதற்கு எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் போகவில்லை.

மழைக்காலத்தில் உடம்பு இளைத்தது. சோறு இறங்கவில்லை. மாதாமாதம் போட்ட ஊசிக்கும் கட்டி அடங்காமல், கல்லீரலை முக்கால்வாசி தின்றுவிட்டது. டாக்டர் ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"வால்வு அருமையா வேலை செய்யுது."

"நான் சார்?" என்றார் டைட்டஸ்.

டாக்டர் அவர் தோளைத் தொட்டார்.

சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பங்காருப்பேட்டை தாண்டியது. ஐடா அவர் கையைப் பிடித்து, "வேலூர்ல ஒரு தடவ காட்டலாங்க" என்றாள்.

அவருக்கு நம்பிக்கை துளியும் இல்லை. அவளுக்காக, "சரி" என்றார்.